'ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே' ஏன் தப்பு? எட்டாவது படிக்கிற பொண்ணு கேட்டா, பதில் தெரியாம முழிச்சேன்

திண்ணை டியூஷன்:

எல்லாருக்கும் வணக்கம். அறந்தாங்கி பக்கத்துல ஒரு கிராமம் எனக்கு. பி.காம் முடிச்சிட்டு குரூப் 4-க்கு படிச்சிட்டு இருக்கேன், சாயங்காலம் ஆறுல இருந்து எட்டு வரைக்கும் எங்க வீட்டு திண்ணையில தெரு பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன், ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் மொத்தம் பதினோரு பேர். கணக்கு, சயின்ஸ் எல்லாம் சமாளிச்சிடுவேன். இங்கிலீஷ்தான் இடிக்குது, நானே நோட்ஸ் வாங்கி மனப்பாடம் பண்ணி பாஸ் ஆன ஆளு.

போன வாரம் டென்ஸ் நடத்திட்டு இருந்தேன். எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு, சரியான கேள்விக்காரி, நோட்ல 'மை அங்கிள் ஹேஸ் கம் யெஸ்டர்டே'ன்னு எழுதியிருந்தா. நான் சிவப்பு பேனாவால அதை அடிச்சிட்டு 'கேம்'னு போட்டேன். அவ விடல. "ஏன்க்கா, நேத்து மாமா வந்திருக்காருன்னு நாம சொல்றோம்ல? வந்திருக்காருன்னா 'ஹேஸ் கம்'னு நீங்கதான சொன்னீங்க, அப்புறம் எப்படிக்கா தப்பாகும்?"ன்னு கேக்குறா. சத்தியமா எனக்கு பதில் தெரியல. அது ரூல், யெஸ்டர்டே வந்தா ஹேஸ் வராது, எழுதிக்கோன்னு சொல்லிட்டு அடுத்த பிள்ளையோட கணக்கு நோட்டை எடுத்துட்டேன். அவளும் எழுதிக்கிட்டா. ஆனா அந்த மூஞ்சி இருக்கே... எங்க டீச்சர் என்கிட்ட இதையே சொன்னப்ப என் மூஞ்சியும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ராத்திரி கைடை எடுத்து பார்த்தேன். பிரசன்ட் பெர்ஃபெக்ட்னா 'இப்போதுதான் முடிந்த செயல்'னு போட்டிருக்கு. சரின்னு மறுநாள் அதை சொன்னா, அவ அதே கைடுல அடுத்த லைனை காட்டுறா, 'ஐ ஹேவ் சீன் தி தாஜ் மஹால்'. "இது பத்து வருசம் முன்னாடி பார்த்ததாக்கூட இருக்கலாம்லக்கா, இதுவும் இப்போதுதான் முடிஞ்சதா?" மறுபடியும் நான் அவுட்.

இன்னொண்ணு, ஆறாவது படிக்கிற ஒரு பொடியன் 'ஐ ஆம் ரீடிங் சிக்ஸ்த் ஸ்டாண்டர்ட்'னு எழுதுறான், திருத்தினா படிக்கிறதுன்னா ரீடுதானக்கான்னு கேக்குறான். பெரிய பசங்க ஃபோன்ல ஏதோ ஆப்ல கேள்வியை போட்டோ எடுத்து போட்டு பதிலை அப்படியே எழுதிட்டு வந்துடுறாங்க, ஒரு தப்பும் இருக்காது, ஏன்னு கேட்டா தெரியாது.

இங்கிலீஷ் டீச்சர்ஸ் யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ். ரூல் எனக்கே தெரியும், அந்த 'ஏன்'தான் வேணும்.


கடைசி பெஞ்ச் 87:

இதுக்கு போய் ஏங்க இவ்ளோ ஃபீல் பண்றீங்க. யெஸ்டர்டே, அகோ, லாஸ்ட் வீக் வந்தா சிம்பிள் பாஸ்ட். ஆல்ரெடி, யெட், சின்ஸ், ஃபார் வந்தா பெர்ஃபெக்ட். ஒரு அட்டையில எழுதி செவுத்துல ஒட்டுங்க, முடிஞ்சது. பத்தாவது பேப்பர்ல 100-க்கு ஒரு மார்க் கேள்வி 14, சினானிம், ஆன்டனிம் அது இதுன்னு போக டென்ஸ்க்குன்னு அதுல எவ்ளோ வந்துடப் போகுது. நான் அப்படித்தான் படிச்சேன், இப்ப சென்னையில நல்லாத்தான் இருக்கேன். என்ன, மேனேஜர் கால் வந்தா மட்டும் கொஞ்சம் வேர்க்கும் 😂


ரிட்டயர்டு பிடி வாத்தியார்:

அம்மா, அந்த பொண்ணு கேட்டது தப்பே இல்ல, நான் முப்பத்தோரு வருஷம் அரசுப் பள்ளியில இங்கிலீஷ் எடுத்தவன், இந்த கேள்வியை என்கிட்ட வாயைத் திறந்து கேட்ட பிள்ளைங்க ரொம்ப கம்மி, மனசுக்குள்ள கேட்டுட்டு தப்பா எழுதினதுதான் ஆயிரக்கணக்குல. மேல தம்பி சொன்ன அட்டை பரீட்சைக்கு உதவும், நானும் ஒட்டியிருக்கேன், ஆனா யெஸ்டர்டேங்கிற வார்த்தையே இல்லாம ஒரு வாக்கியம் வந்தா அந்த அட்டை வாயை மூடிக்கும்.

முதல்ல இங்கிலீஷை ஓரமா வச்சிடுங்க, தமிழைப் பார்ப்போம். பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்றாங்க, வாசல்ல மாமாவோட செருப்பு கிடக்கு. என்ன சொல்லுவாங்க? "ஹை, மாமா வந்திருக்கார்!" மாமா உள்ள உட்கார்ந்து காபி குடிச்சிட்டு இருக்கார், வந்தார், இப்ப இருக்கார், அதுதான் வந்து + இருக்கார். இது அச்சு அசல் 'ஹேஸ் கம்'.

இப்ப வேற மாதிரி. நேத்து வீட்டைப் பூட்டிட்டு எல்லாரும் கோயிலுக்கு போயிட்டாங்க, இன்னைக்கு காலையில பக்கத்து வீட்டு ஆத்தா சொல்லுது, "நேத்து உங்க மாமா வந்து ரொம்ப நேரம் நின்னுட்டு போனாரு". உடனே அம்மா அப்பாகிட்ட என்ன சொல்லுவாங்க? "ஏங்க, நேத்து அண்ணன் வந்திருக்காரு, நாம வீட்ல இல்ல". இங்க மாமா இருக்காரா? இல்ல. அவர் ஊருக்கே போயிட்டாரு. அப்புறம் எதுக்கு 'இருக்காரு'? ஏன்னா நமக்கு விஷயம் இப்பதான் தெரிய வந்திருக்கு. கண்ணால பார்த்திருந்தா "நேத்து அண்ணன் வந்தாரு"ன்னு முடிச்சிருப்போம். விடியக்காலையில எழுந்து தரை ஈரமா இருக்கிறதை பார்த்துட்டு "ராத்திரி மழை பெஞ்சிருக்கு"ன்னு சொல்றோம்ல, ராத்திரி பூரா முழிச்சு கிடந்தவன் அப்படி சொல்லமாட்டான், "ராத்திரி செம மழை பெஞ்சுது"ன்னுதான் சொல்லுவான். அந்த வித்தியாசம் எல்லா பிள்ளைக்கும் தெரியும், யாரும் சொல்லிக் கொடுத்தது கிடையாது.

ஆக நம்ம 'இருக்கு'க்கு ரெண்டு வேலை. ஒண்ணு, நடந்ததோட பலன் இப்ப நம்ம முன்னால இருக்கு. ரெண்டு, நடந்தது நமக்கு இப்ப தெரிய வருது. இங்கிலீஷ்காரன் ஹேஸ், ஹேவை முதல் வேலைக்கு மட்டும்தான் வச்சிருக்கான், ரெண்டாவது வேலையை அதுக்கு கொடுக்கல. ஹேஸ்ங்கிறது அவனுக்கு நிகழ்காலச் சொல், ஒரு காலை இன்னைக்குல ஊனி நிக்குது, அதுகிட்ட போய் யெஸ்டர்டேன்னு சொன்னா அதால நிக்க முடியாது. அதனால நம்ம 'நேத்து வந்திருக்கார்' அவன்கிட்ட வெறும் 'கேம் யெஸ்டர்டே'தான். தெரிய வந்ததையும் சொல்லணும்னா 'இட் சீம்ஸ்'னு ஏதாவது தனியா ஒட்டிக்கணும். சென்னைப் பக்கம் வாக்கியத்துக்கு வாக்கியம் கடைசியில 'இட் சீம்ஸ்' போடுவாங்களே, அது இதை ஈடுகட்டத்தான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு நெனப்பு 🙂

தாஜ் மஹால் விஷயம். 'பார்த்திருக்கேன்'னா பார்த்த அனுபவம் என்கிட்ட இப்ப இருக்கு, பார்த்தது எந்த வருஷமா இருந்தாலும் சரி. அதுக்கு ஹேவ் பொருந்தும். 'இன் 2015'னு வருஷத்தைச் சொல்லிட்டா 'ஐ சா'தான். கைடுல போட்ட 'இப்போதுதான் முடிந்த செயல்' பாதி உண்மை. பாதி உண்மைதான் பிள்ளைங்களை அதிகமா குழப்புது.

இதுல ஒரு ஆறுதல் என்னன்னா ஜெர்மன்காரங்களும் பிரெஞ்சுக்காரங்களும் இதே தப்பைத்தான் பண்ணுவாங்க, அவங்க மொழியில 'நேத்து பார்த்திருக்கேன்'ங்கிற அமைப்புதான் பேச்சுல சாதாரணம். அந்த பொண்ணுகிட்ட இதைச் சொல்லுங்க, சந்தோஷப்படும். அமெரிக்காவுல 'டிட் யூ ஈட் யெட்'னு கேப்பாங்க, இங்கிலாந்துக்காரன் 'ஹேவ் யூ ஈட்டன் யெட்'னு கேப்பான், அவங்களுக்குள்ளயே இந்த வேலி ஒரே இடத்துல இல்ல. அதை மட்டும் பத்தாவது முடியிற வரைக்கும் சொல்லாதீங்க, பரீட்சையில மாட்டிக்கும்.

இன்னும் ஒண்ணு, இது பிள்ளைங்க மட்டும் இல்ல, பேங்க்ல ஆபீஸ்ல இருக்கிறவங்களே விடுற தப்பு. 'நேத்து மதுரைக்கு போயிருந்தேன்'னு நெனச்சுட்டு 'ஐ ஹேட் கான் டு மதுரை யெஸ்டர்டே'ன்னு எழுதுறது. நம்ம 'போயிருந்தேன்'ல போனேன், இருந்தேன், திரும்பி வந்துட்டேன்னு மூணும் இருக்கு. இங்கிலீஷ் 'ஹேட்'டுக்கு பின்னால நடந்த இன்னொரு சம்பவம் துணைக்கு வேணும், நான் ஸ்டேஷன் போய்ச் சேர்றதுக்குள்ள ரயில் போயிருச்சு, அந்த மாதிரி. தனியா போனதுக்கு 'ஐ வென்ட்' போதும்.

ஒரே ஒரு பழக்கம் மட்டும் வச்சுக்கோங்கம்மா. தப்பைப் பார்த்ததும் சிவப்பு பேனாவை எடுக்காம "தமிழ்ல என்ன நெனச்சு எழுதுன?"ன்னு கேளுங்க. பதில் பாதி அங்கேயே கிடைச்சிடும். சில சமயம் உங்களுக்கே தெரியாது, அப்ப நாளைக்கு பார்த்துட்டு சொல்றேன்னு சொல்லுங்க, நான் ரிட்டயர் ஆகுற வருஷம் வரைக்கும் சொல்லியிருக்கேன், யாரும் என்னை மட்டமா நெனச்சதில்ல.


கடைசி பெஞ்ச் 87:

சார் இதை எனக்கு 1999-ல யாராவது சொல்லியிருக்கலாம். நேத்து மேனேஜருக்கு 'ஐ ஹேட் சென்ட் தி ஃபைல் யெஸ்டர்டே'ன்னு மெயில் போட்டேன். போய் பார்த்தேன், உண்மையிலேயே போட்டிருக்கேன். (இப்ப தெரிய வந்ததால 'போட்டிருக்கேன்', கரெக்டா?)


ரிட்டயர்டு பிடி வாத்தியார்:

கரெக்ட் தம்பி. நீங்க கடைசி பெஞ்ச் இல்ல.


பனங்கூடல்:

வணக்கம் பிள்ளை, நான் யாழ்ப்பாணத்தில இங்கிலீஸ் படிப்பிக்கிறன், எங்கட பிள்ளையளும் இந்தப் பிழையள் எல்லாம் விடுறவை, ஆனா அந்த ஆறாம் வகுப்புப் பொடியன்ர 'ரீடிங் சிக்ஸ்த்' மட்டும் இஞ்ச குறைவு. ஏனெண்டா நாங்கள் புத்தகத்தை வாசிக்கிறம், பள்ளிக்கூடத்தில படிக்கிறம், ஆசிரியர் படிப்பிக்கிறார், மூண்டுக்கும் மூண்டு சொல் புழக்கத்தில கிடக்கு. உங்கட பக்கம் பேச்சில எல்லாத்துக்கும் 'படி' எண்டு போட்டிட்டியள், அதுதான் சிக்கல். 'வாசி' உங்கட பிள்ளையளுக்கும் தெரிஞ்ச சொல்லுத்தானே, பேப்பரை வாசிச்சா ரீட், பரீட்சைக்குப் படிச்சா ஸ்டடி, சைக்கிள் ஓடப் பழகினா லேர்ன் எண்டு சொல்லிப் பாருங்கோ, பிடிச்சுக் கொள்ளுவான்.

எங்களுக்குத் தலையிடி தாற சொல் 'கேக்கிறது'. பாட்டுக் கேக்கிறது லிசன், கேள்வி கேக்கிறது ஆஸ்க், சத்தம் கேக்குது ஹியர். ஒரு பிள்ளை 'ஐ ஆம் ஹியரிங் சோங்ஸ்' எண்டு எழுதும், இன்னொரு பிள்ளை 'ஐ லிசன் எ நோய்ஸ்' எண்டு எழுதும். நான் கண்டுபிடிச்ச வழி ஒண்டு இருக்கு, தமிழ் வசனத்தில 'எனக்கு' வருதோ 'நான்' வருதோ எண்டு பாக்கச் சொல்லுறனான். 'எனக்குச் சத்தம் கேக்குது', நான் ஒண்டும் செய்யேல்ல, தானா வந்து காதில விழுந்தது, அது ஹியர். 'நான் பாட்டுக் கேக்கிறன்', நான் வேணுமெண்டு செய்யிறன், அது லிசன். அதே மாதிரித்தான் 'எனக்குத் தெரியுது' எண்டா சீ, 'நான் பாக்கிறன்' எண்டா லுக்.

பிறகு இதே கணக்கு இன்னொரு இடத்திலயும் வேலை செய்யுது எண்டு கண்டன். 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் வான்ட்டிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' எண்டு ஐஎன்ஜி போடக் கூடாத இடத்தில பிள்ளையள் போடுவினம் தானே. அதுகளைத் தமிழில சொல்லிப் பாருங்கோ: எனக்குத் தெரியும், எனக்கு வேணும், எனக்கு ரெண்டு தம்பிமார் இருக்கினம், எனக்குப் பிடிக்கும், எனக்கு விளங்குது. எல்லாம் 'எனக்கு'! தமிழில 'எனக்கு' எண்டு துவங்கிற வினை இங்கிலீசில பெரும்பாலும் ஐஎன்ஜி எடுக்காது. முழுக்கச் சரி எண்டு சொல்ல மாட்டன், 'நான் நம்புறன்' எண்டதில 'நான்' தான் வருது, அதுக்கும் பிலீவிங் எண்டு போடேலாது. ஆனாலும் பத்தில எட்டுக்கு உதவும்.

அகராதியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. இங்கிலீஸ்–தமிழ் அகராதி கருத்துப் பாக்க மட்டும் நல்லது. பெரிய பிள்ளையளுக்கு ஒரு லேர்னர்ஸ் டிக்சனரி வாங்கிக் குடுங்கோ, பழைய பதிப்பெண்டாலும் பரவாயில்ல. ஹார்ன்பி எண்ட மனுசன் 1924-ல ஜப்பானுக்குப் படிப்பிக்கப் போய், அங்க மாணவர் எங்க எங்க தடக்குப்படுகினம் எண்டு பாத்துப் பாத்துத் தொகுத்தது, 1942-ல முதல் டோக்கியோவில தான் வந்தது, 1948-ல தான் ஒக்ஸ்ஃபோர்ட் போட்டது. இங்கிலீஸ் தாய்மொழி இல்லாத ஆக்களுக்கெண்டே செய்ததால 'இன்ஃபர்மேசனுக்கு' பக்கத்தில அதை எண்ணேலாது எண்டு குறி போட்டிருக்கும். அந்தக் குறியைப் பாக்கப் பழகின பிள்ளை பிறகு 'ஃபர்னிச்சர்ஸ்', 'ஹோம்வொர்க்ஸ்', 'அட்வைசஸ்' எண்டு எழுதாது.


திண்ணை டியூஷன்:

சார், யாழ்ப்பாணத்து அக்காவோ அண்ணனோ தெரியல, ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ரெண்டு நாள் கழிச்சு வர்றேன், கதை சொல்லணும்.

நேத்து எங்க அப்பா செருப்பை எடுத்து படிக்கட்டுல வச்சிட்டு, மாமா செருப்புன்னு நெனச்சுக்கோங்கன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சேன். எல்லாம் கெக்கெக்கேன்னு சிரிச்சுதுங்க. அப்புறம் மழை கதை. அந்த கேள்விக்கார பொண்ணு கொஞ்ச நேரம் மேல பார்த்துட்டு, "அப்ப நேத்து நீங்க மார்க்கெட் போறதை நான் பார்த்தேன்னு வைங்க, 'நேத்து அக்கா மார்க்கெட் போயிருக்காங்க'ன்னு நான் சொல்லமாட்டேன், போனாங்கன்னுதான் சொல்லுவேன், ஆமால்ல?"ன்னா. எனக்கு புல்லரிச்சு போச்சு. இத்தனை வருசமா நானே கவனிச்சதில்ல.

'எனக்கு' ட்ரிக்கும் சொன்னேன். அதுக்குள்ள ஒருத்தன் "எனக்கு பசிக்குதுக்கா, அப்ப ஐ ஹங்கர் தான?"ன்னு ஆரம்பிச்சான், சுண்டல் கொடுத்து உட்கார வச்சேன்.

ஆனா பொண்ணு விடல சார். இன்னைக்கு வந்து புது கேள்வி. ஸ்கூல் மேடம் போர்டுல 'ஹி மஸ்ட் ஹேவ் கம் யெஸ்டர்டே'ன்னு எழுதினாங்களாம். "ஹேவ் இருக்கு, யெஸ்டர்டேவும் இருக்கு, இது மட்டும் எப்படிக்கா ரைட்டு?" இந்த தடவை உங்க பேச்சைக் கேட்டு 'நாளைக்கு பார்த்துட்டு சொல்றேன்'னு தைரியமா சொல்லிட்டேன். நாளைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள காப்பாத்துங்க.


ரிட்டயர்டு பிடி வாத்தியார்:

கெட்டிக்காரப் பிள்ளைம்மா அது. பத்திரமா பார்த்துக்கோங்க.

'மஸ்ட்'டுக்கு இறந்தகால உருவம் கிடையாது. கம் கேம் ஆகும், கோ வென்ட் ஆகும், மஸ்ட் என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. ஆனா நேத்து நடந்ததைப் பத்தி ஊகமா சொல்ல வேண்டியிருக்கே, அப்ப இறந்தகாலத்தை எங்க போய் வைக்கிறது? பக்கத்துல ஹேவ்னு ஒண்ணு சும்மா நிக்குது, இந்தா நீ தூக்கிக்கோன்னு அதுகிட்ட கொடுத்துட்டான். அங்க இருக்கிற ஹேவ் நிகழ்காலத்துல கால் ஊனினது இல்ல, வெறும் சுமைதூக்கி. அதனால யெஸ்டர்டேவோட அதுக்கு சண்டை வராது. 'மே ஹேவ் கம்', 'குட் ஹேவ் கம்' எல்லாம் இதே ஜாதிதான்.

இன்னொரு விஷயம் கவனிச்சீங்களா, அவ ஆரம்பத்துல கேட்ட 'நேத்து மாமா வந்திருக்கார்', செருப்பையோ பலாப்பழப் பையையோ வாசல்ல பார்த்துட்டு நாமளா ஊகிச்சு சொல்றதா இருந்தா, அதுக்கு சரியான இங்கிலீஷே இந்த 'மஸ்ட் ஹேவ் கம்'தான். சுத்திச் சுத்தி அவ எழுதின வாக்கியத்துக்கே வந்துட்டோம். ஒரு வார்த்தைதான் குறைஞ்சிருந்தது.


கன்டென்ட் கோயமுத்தூர்:

லேட்டா வர்றேனுங்க. நான் கோயமுத்தூர்ல கன்டென்ட் எழுதுற வேலை, நாள் பூரா இங்கிலீஷ்தான். ஃபோன் ஆப் மேட்டருக்கு யாரும் பதில் சொல்லலையேன்னு எழுதுறேன்.

பிடுங்கி வைக்காதீங்க, வீட்டுக்கு போய் பார்க்கத்தான் போறாங்க. ஆனா போட்டோ எடுத்து போடுறதை மட்டும் நிறுத்துங்க. பையன் முதல்ல தமிழ்ல ஒரு வரி எழுதணும், கீழ அவனா இங்கிலீஷ்ல எழுதணும், தப்போ ரைட்டோ. அதுக்கப்புறம் ஆப்ல போட்டு அது என்ன மாத்துச்சுன்னு பார்த்து, மாறின வார்த்தைக்கு மட்டும் கீழ கோடு போட்டுட்டு வரணும். ஏன் மாத்துச்சுன்னு டியூஷன்ல பேசுங்க. ஆப்புக்கு உங்க திண்ணையில கிடந்த செருப்பு தெரியாதுங்க, 'ஹேஸ் கம்'மை 'கேம்'னு மாத்திட்டு போயிடும், மஸ்ட் ஹேவ்னு அந்த புள்ள மனசுல இருந்திருக்கலாம்னு அதா வந்து கேக்காது.

அப்புறம் வாத்தியார் ஐயா மேல மரியாதை வச்சே ஒண்ணு சொல்றேன், எல்லாத்தையும் தப்புன்னு அடிக்க வேண்டாமுங்க. 'கசின் பிரதர்'னு எழுதினா நம்ம ஊர்ல டீச்சருங்க அடிக்கிறாங்க. சித்தப்பா பையனா, சித்தப்பா பொண்ணான்னு நமக்கு சொல்லியே ஆகணும், வெறும் கசின்னா நமக்கு பாதி விஷயம் தொக்கி நிக்குது, அதனால பக்கத்துல பிரதர் ஒட்டிக்கிட்டோம். ஓரகத்திக்கு கோ-சிஸ்டர், சகலைக்கு கோ-பிரதர், இதுக்கெல்லாம் இங்கிலாந்துல தனியா வார்த்தையே இல்லைங்க, அவனுக்கு எல்லாமே இன்-லா. 'ப்ரிபோன்'னு நாம புழங்கினதை இன்னைக்கு ஆக்ஸ்ஃபோர்டு டிக்‌ஷனரியே சேர்த்துக்கிச்சு.


ரிட்டயர்டு பிடி வாத்தியார்:

தம்பி சொல்றது ஏத்துக்கக் கூடியதுதான், ஆனா ஒரு கோடு போடணும். கசின் பிரதர், 'டுடே இட்செல்ஃப்' மாதிரி கேக்கிறவனுக்குப் புரியிறதை நான் சும்மா வட்டம் போட்டு வெளியூர்ல இப்படிச் சொல்லுவாங்கன்னு ஓரத்துல எழுதுவேன், மார்க் குறைக்கமாட்டேன். இன்னைக்கேங்கிறதுல இருக்கிற அந்த 'ஏ'வை எங்கேயாவது இறக்கி வைக்கணும்ல, பாவம். ஆனா அர்த்தமே தலைகீழாகுறதை விடக்கூடாது. உதாரணம், 'நீ சாப்பிடலையா?'ன்னா நாம 'ஆமா, சாப்பிடல'ன்னு சொல்லுவோம். அதே பழக்கத்துல 'ஹேவன்ட் யூ ஈட்டன்?'னு ஒருத்தர் கேக்கும்போது வெறும் 'யெஸ்'னு சொல்லிட்டா, கேட்டவன் இவன் சாப்பிட்டான்னு இலையை எடுத்துடுவான். நாம கேள்வி சரியான்னு பார்த்து ஆமா போடுறோம், அவன் சாப்பாடு நடந்துச்சான்னு பார்த்து யெஸ் நோ போடுறான். இது பிள்ளைங்களுக்கு கண்டிப்பா தெரியணும், இன்டர்வியூல மாட்டினவங்களை எனக்கு தெரியும்.

'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்', 'த்ரீ மேங்கோ'வும் அப்படித்தான், மன்னிக்கிறதுல்லாம் இல்ல, ஆனா எங்க இருந்து வருதுன்னு சொல்லணும். நாம மூணு மாம்பழம், ரெண்டு நாள், பத்து ரூபான்னுதான் சொல்றோம், எண்ணே சொல்லிடுச்சே அப்புறம் எதுக்கு 'கள்'னு விட்டுடுறோம். அவன் எண்ணையும் போட்டு எஸ்ஸும் போடுறான். யோசிச்சா நம்ம கணக்குதான் சிக்கனம்.


பனங்கூடல்:

அக்கா தான் 🙂

யெஸ், நோ விசயம் எங்கட வீட்டிலயே நடந்தது, இலை எடுக்கேல்ல, ஆனா தேத்தண்ணி கிடைக்கேல்ல.


கடைசி பெஞ்ச் 87:

இதுல 'இஸின்ட் இட்' யாரும் பேசலையே. 'யூ ஆர் கமிங் இஸின்ட் இட்', 'தே வென்ட் இஸின்ட் இட்'னு நான் எல்லாத்துக்கும் அதையேதான் போடுவேன். நம்ம 'இல்லையா' மாதிரி ஒண்ணை வச்சு முடிச்சிட்டா என்னவாம்? ஆர்ன்ட் யூ, டிடின்ட் தேன்னு எத்தனைதான் ஞாபகம் வச்சுக்கிறது.


கன்டென்ட் கோயமுத்தூர்:

லண்டன் பசங்களே 'இன்னிட்'னு ஒண்ணையே எல்லாத்துக்கும் போட ஆரம்பிச்சிட்டாங்க பாஸ், நீங்க அவங்களுக்கு முன்னாடியே போயிட்டீங்க. மெயில்ல மட்டும் வேண்டாம்.


திண்ணை டியூஷன்:

சார், 'சுமைதூக்கி' கதை சொன்னேன். பொண்ணு தலையை ஆட்டிட்டு நோட்ல ஹேவ் தலையில ஒரு மூட்டை படம் வரைஞ்சு வச்சிருக்கா.

யாழ்ப்பாணத்து அக்கா, 'வாசி' உடனே ஒர்க் ஆயிடுச்சு. பொடியன் இப்ப தினத்தந்தியை எடுத்து வச்சுக்கிட்டு 'ஐ ஆம் ரீடிங்', கணக்கு நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு 'ஐ ஆம் ஸ்டடியிங்'னு எல்லாரையும் கொல்றான். பழைய லேர்னர்ஸ் டிக்‌ஷனரி ஒண்ணு புதுக்கோட்டையில பழைய புத்தகக் கடையில சொல்லி வச்சிருக்கேன், பொங்கலுக்குள்ள எடுத்து வைக்கிறேன்னு சொல்லியிருக்காரு.

பெரிய பசங்களுக்கு கோயமுத்தூர் அண்ணன் சொன்ன மாதிரி ரெண்டு பத்தி போட்ட ஒரு நோட்டு ஆரம்பிச்சாச்சு. இடது பக்கம் 'தமிழ்ல நெனச்சது', வலது பக்கம் 'இங்கிலீஷ்ல எழுதினது'. நேத்து வரைக்கும் பதினேழு சேர்ந்திருக்கு. பத்தாவது படிக்கிற ஒருத்தன் எழுதினதை மட்டும் போடுறேன், ரெண்டு நாளா சிரிச்சிட்டு இருக்கோம்.

இடது பக்கம்: போயிட்டு வரேன்.
வலது பக்கம்: ஐ வில் கோ அண்ட் கம்.

இதை அடிக்கிறதா, வட்டம் போடுறதா சார்? டியூஷன் முடிஞ்சு கிளம்பும்போது வெறும் 'ஐ ஆம் கோயிங்'னு சொல்லுடான்னு சொன்னா, உள்ள இருந்து எங்க பாட்டி சத்தம் போடுது, விளக்கு வச்ச நேரத்துல போறேன்னு சொல்ல வைக்கிறியாடின்னு. அதுக்கு இங்கிலீஷ் எப்படி தெரிஞ்சுதுன்னு தெரியல.


ரிட்டயர்டு பிடி வாத்தியார்:

வட்டம் போடுங்க.